ஸ்பவுஸ் விசா (கணவன் அல்லது மனைவிக்கான விசா) வரும்வரை இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்க

கணவனுக்கு ஒரு நாட்டுப் பாஸ்போர்ட், மனைவிக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட். திருமணப் பதிவு முடிந்த கையோடு பெரும்பாலானோர் விண்ணப்பப் படிவத்தைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். விசா வரும்வரை எங்கே குடியிருப்பது என்ற கேள்வியை அதற்கும் முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். எந்த வகை மனுவை எந்த நாட்டிலிருந்து போடுகிறீர்களோ, அதை வைத்தே அடுத்த ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ சேர்ந்திருப்பீர்களா பிரிந்திருப்பீர்களா என்பது முடிவாகிவிடும். போட்ட பிறகு இடம் மாறினால் சில நாடுகளில் மனுவே செல்லாமல் போகும்.

இந்தக் கட்டுரையில் 'ஸ்பான்சர்' என்றால் அழைக்கிறவர், அதாவது போக வேண்டிய நாட்டின் குடிமகனோ நிரந்தர வதிவிட உரிமை பெற்றவரோ. 'துணைவர்' என்றால் விசா வேண்டியவர், ஆணானாலும் பெண்ணானாலும். கட்டணங்களும் காத்திருப்புக் காலமும் அடிக்கடி மாறுவதால் அவற்றை மனுப்போடும் நாளில் அந்தந்த அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் திட்டமிட உதவும் விதிகளே இங்கே உள்ளன.

ஸ்பான்சரின் நாட்டுக்குள்ளிருந்தே விண்ணப்பிப்பது

துணைவர் ஏற்கெனவே அங்கே படிக்கவோ வேலை செய்யவோ சட்டப்படி இருக்கிறார் என்றால் இதுதான் முதல் தெரிவு. அமெரிக்கக் குடிமகனை மணந்தவர் ஐ-130 (ஸ்பான்சர் போடும் உறவு மனு), ஐ-485 (உள்ளிருந்தே கிரீன் கார்டு கேட்கும் படிவம்) இரண்டையும் சேர்த்தே போடலாம். கூடவே வேலை அனுமதிக்கு ஐ-765, பயண அனுமதிக்கு ஐ-131. முடிவு வரும்வரை அங்கேயே இருக்கலாம். ஆனால் அந்தப் பயண அனுமதி கைக்கு வருமுன் நாட்டை விட்டு வெளியே போனால் ஐ-485 கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். எச்-1பி, எல்-1 போன்ற சில வேலை விசாக்காரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பாட்டி சீரியஸ் என்று போன் வந்ததும் டிக்கெட் போட்டுப் பறந்து, திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஐ-131 படிவத்தைப் 'பிறகு தேவைப்பட்டால் போடலாம்' என்று ஒதுக்கி வைக்காமல் முதல் நாளே சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் துணைவர் விசாவுக்கு எண்கள்தான் பெயர்: உள்ளிருந்து போடுவது 820/801, வெளியிலிருந்து போடுவது 309/100. 820 போட்டதும் பிரிட்ஜிங் விசா ஏ (முடிவு வரும்வரை தங்க விடும் இடைக்கால விசா) கிடைக்கும். இது இரண்டு இடத்தில் ஏமாற்றும். கையிலிருக்கும் விசிட்டர் விசா முடிந்த பிறகுதான் அது உயிர் பெறும். அதுவரை விசிட்டர் விசாவின் 'வேலை செய்யக் கூடாது' என்ற நிபந்தனையே நடப்பில் இருக்கும். இரண்டாவது, பிரிட்ஜிங் ஏ-யை வைத்துக்கொண்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. கிளம்புவதற்கு முன் பிரிட்ஜிங் விசா பி வாங்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் விசிட்டர் விசாக் கடிதத்தில் 8503 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். 'இனித் தங்க அனுமதியில்லை' என்பது அதன் பொருள். அது இருந்தால் உள்ளிருந்து 820 போட முடியாது. விலக்குக் கேட்கலாம், ஆனால் கிடைக்கும் என்று நம்பி விமானம் ஏறாதீர்கள்.

கனடாவில் இரண்டு வழி. உள்நாட்டு வகையில் போட்டால் இருவரும் கனடாவில் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும். மனு மறுக்கப்பட்டால் குடியேற்ற மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியாது. இடையில் வெளியூர் போய்த் திரும்பும்போது எல்லையில் நிறுத்தினால் மனுவின் அடிப்படையே ஆடிப்போகும். வெளிநாட்டு வகையில் போட்டால் மேல்முறையீட்டு உரிமை உண்டு, பயணத்துக்கும் தடையில்லை. பலருக்குத் தெரியாத விஷயம்: துணைவர் விசிட்டராகக் கனடாவிலேயே இருந்துகொண்டும் வெளிநாட்டு வகையில் மனுப்போடலாம். 2023 முதல் அப்படிப் போட்டுவிட்டுக் கனடாவில் இருப்பவர்களும் திறந்த வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அதனால் வேறு காரணம் ஏதும் இல்லாவிட்டால் வெளிநாட்டு வகையே மேல் என்பது எங்கள் கணிப்பு.

பிரிட்டனில் விசிட்டராக வந்து ஸ்பவுஸ் விசாவுக்கு மாற முடியாது. திருமணம் ஆகாதவர்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது: பியான்சே விசாவில் வந்து, ஆறு மாதத்துக்குள் மணந்து, உள்ளிருந்தே மாறிக்கொள்ளலாம். அந்த ஆறு மாதமும் வேலை செய்யக் கூடாது. உள்ளிருந்து போட்ட மனு நிலுவையில் இருக்கும்போது பிரிட்டன், அயர்லாந்து, அவற்றை அடுத்த தீவுகள் சேர்ந்த பொதுப் பயணப் பகுதியைத் தாண்டினால் மனு திரும்பப் பெறப்பட்டதாகிவிடும்.

அமெரிக்காவின் பியான்சே விசாவான கே-1 இதே சாயலில் வேறு கணக்கு. மனுப்போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் ஒரு முறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். உள்ளே வந்த 90 நாளுக்குள் திருமணம் முடிய வேண்டும். கல்யாணம் முடிந்தவர்களுக்கு கே-3 என்று ஒன்று காகிதத்தில் இருக்கிறது. நடைமுறையில் ஐ-130 முதலில் முடிந்துவிடுவதால் கே-3 மூடப்பட்டுவிடும். அதை நம்பி நேரம் செலவழிக்க வேண்டாம்.

விசிட்டராகப் போய்க் காத்திருப்பது

மனு வெளியில் நிலுவையில் இருக்க, துணைவர் அவ்வப்போது விசிட்டராக வந்து சேர்ந்திருப்பது சட்டவிரோதம் இல்லை. ஆனால் நாட்டுக்கு நாடு பார்வை வேறு. கனடாவின் குடியேற்றச் சட்டம் 22(2) பிரிவிலேயே 'நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பது மட்டும் தற்காலிகமாக வருவதற்குத் தடையாகாது' என்று எழுதி வைத்திருக்கிறது. அனுமதித்த காலம் முடிந்தால் போய்விடுவார் என்று அதிகாரி நம்பினால் போதும். அமெரிக்காவில் நேர் எதிர். அதன் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி விசிட்டர் விசா கேட்பவர் ஒவ்வொருவரும் குடியேற வருபவர் என்றே முதலில் கொள்ளப்படுவார், இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. ஐ-130 போட்டபின் புதிதாக விசிட்டர் விசா கேட்டால் மறுப்பு வரும் வாய்ப்பு அதிகம். எஸ்டாவில் (விசா இல்லாமல் வர இணையத்தில் வாங்கும் அனுமதி) நுழையக்கூடிய பாஸ்போர்ட் இருந்தால் முதல் தடை இல்லை, எல்லையில் இரண்டாம் தடை இருக்கிறது. எஸ்டாவின் 90 நாளை நீட்டிக்க முடியாது. நடுவில் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் பொதுவாகப் பழைய கணக்கே தொடரும்.

பிரிட்டன் பற்றி ஒரு தவறான நம்பிக்கை சுற்றுகிறது: 'ஆண்டில் 180 நாள் வரை இருக்கலாம்' என்று. அப்படி எழுதப்பட்ட விதி கிடையாது. ஒரு வருகை ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அடுத்தடுத்து வந்து பிரிட்டனையே வீடாக்கிக்கொள்கிறாரா என்று அதிகாரி மொத்தப் போக்கையும் பார்ப்பார். ஐந்து மாதம் தங்கிவிட்டு மூன்று வாரம் வெளியே இருந்து மறுபடி வந்தால் திருப்பி அனுப்பக் காரணம் தயாராக இருக்கும். தங்கிய காலத்துக்குக் குறையாமல் வெளியே இருந்துவிட்டு வருவதுதான் பாதுகாப்பான பழக்கம்.

எல்லை மேசையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். அதிகாரி கேட்பது மூன்றே கேள்வி: எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், திரும்பிப் போக என்ன காரணம். 'நண்பரைப் பார்க்க' என்று சொல்லி, போனைத் திறந்ததும் கல்யாணப் போட்டோ வந்தால் அத்தோடு முடிந்தது. இப்படிச் சொல்லுங்கள்: 'என் கணவரைப் பார்க்க வந்தேன். எங்கள் குடியேற்ற மனு நிலுவையில் இருக்கிறது, அது முடியும்வரை நான் குடியேற வரவில்லை. 24-ம் தேதி திரும்பும் டிக்கெட், 27-ம் தேதி வேலைக்குச் சேர வேண்டும்.' கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் சுருக்கமாக. கைப்பையில் ஒரு மெல்லிய பைலில் இவை இருக்கட்டும், இதே வரிசையில்:

- திரும்பும் டிக்கெட்
- விடுப்பு தொடங்கும், முடியும் தேதிகளோடு கம்பெனிக் கடிதம்
- சொந்த ஊர் வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது கல்லூரிச் சேர்க்கைச் சான்று
- மனுப்போட்ட ரசீதின் நகல்
- தங்கும் நாட்களுக்குப் போதுமான பணத்துக்கு வங்கி அறிக்கை, மருத்துவக் காப்பீடு

பெட்டியில் என்ன இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். பட்டச் சான்றிதழ் மூலங்கள், அச்சடித்த ரெஸ்யூமே, மூன்று பெரிய பெட்டி, நாலு பருவத்துக்கும் துணி: இரண்டு வார விசிட்டரிடம் இவை இருந்தால் பெட்டியே எதிராகச் சாட்சி சொல்லும். மூலச் சான்றிதழ்களைப் பின்னர் கூரியரில் அனுப்பிக்கொள்ளலாம்.

பொய்யின் விலை மறுப்பின் விலையை விடப் பல மடங்கு. வெறும் மறுப்பு என்றால் அடுத்த விமானத்தில் திரும்பி, மனுவின் முடிவுக்குக் காத்திருக்கலாம். பொய் என்று பதிவானால் கனடாவில் 5 ஆண்டு, பிரிட்டனில் 10 ஆண்டு வரை தடை. ஆஸ்திரேலியாவில் போலி ஆவணத்துக்கும் பொய்த் தகவலுக்கும் 3 ஆண்டு, அடையாளத்தை மறைத்தால் 10 ஆண்டு. அமெரிக்காவில் ஆயுள் முழுதும் தடை, விலக்கு வாங்கினால்தான் விடும். அமெரிக்காவில் கெடு தாண்டித் தங்கியதற்கும் தனிக் கணக்கு உண்டு: சட்டவிரோதமாக 180 நாளுக்கு மேல் இருந்தால் 3 ஆண்டு, ஓராண்டு ஆனால் 10 ஆண்டு. இந்தத் தடை தங்கியிருக்கும்போது விழாது, நாட்டை விட்டு வெளியேறும்போதுதான் விழும். கெடு தாண்டிவிட்டவர் 'இன்டர்வியூவுக்குப் போய் வந்துவிடுகிறேன்' என்று கிளம்புவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டாயம் பேச வேண்டும். முகவர் வேண்டாம், வழக்கறிஞர்.

கனடாவில் விசிட்டராக நுழைபவருக்குப் பொதுவாக ஆறு மாதம் கிடைக்கும். அது முடியுமுன் நீட்டிப்புக்குப் போட்டுவிட்டால் பதில் வரும்வரை பழைய நிபந்தனையிலேயே தங்கலாம். குறைந்தது 30 நாள் முன்னதாகப் போடுங்கள். ஒரு நாள் தாமதமானாலும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஷெங்கன் 90/180: விரல் விட்டு எண்ண வேண்டிய கணக்கு

ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் பகுதி. அங்கே விசிட்டராக 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். இந்தக் கணக்கில் சறுக்காத ஜோடி குறைவு. 'வெளியே போய் வந்தால் புதிதாக 90 நாள்' என்பது தவறு. ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணிப் பார்த்தால், அதற்குள் ஷெங்கன் பகுதியில் இருந்த நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. வந்த நாளும் போன நாளும் இரண்டும் கணக்கில் சேரும்.

லீப் அல்லாத ஒரு ஆண்டை எடுத்துக்கொள்வோம். துணைவர் ஜனவரி 10-ல் வந்து பிப்ரவரி 28-ல் போகிறார்: 50 நாள். மே 1-ல் மறுபடி வருகிறார். பின்னோக்கிய 180 நாளுக்குள் அந்த 50-ம் இருப்பதால் மிச்சம் 40. ஜூன் 9 கடைசி நாள். அதன்பின் அடுத்த நாள் எப்போது கிடைக்கும்? ஜனவரி 10 அந்த 180 நாள் சாளரத்தை விட்டு விழும் நாள் ஜூலை 9. அன்று வரலாம். அன்றுமுதல் தினமும் பழைய நாள் ஒன்று விழ, புதிய நாள் ஒன்று சேரும். இப்படி ஆகஸ்ட் 27 வரை 50 நாள் இருக்கலாம். ஆகஸ்ட் 28-ல் இருந்தால் 91. அதற்கடுத்து மே மாதத்து நாட்கள் விழத் தொடங்குவது அக்டோபர் 28-ல். ஐரோப்பிய ஆணையத்தின் தளத்திலேயே இதற்கான கணிப்பான் இருக்கிறது. டிக்கெட் போடுமுன் ஒவ்வொரு முறையும் அதில் போட்டுப் பாருங்கள்.

முத்திரை தெளிவாக விழவில்லை என்று தப்பித்த காலமும் போய்க்கொண்டிருக்கிறது. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகக் கைரேகை, முகப்படத்தோடு நுழைவு–வெளியேற்றம் கணினியில் பதிவாகிறது. உறுப்பு நாடு ஒன்று கொடுத்த நீண்டகால விசாவிலோ வதிவிட அட்டையிலோ தங்கிய நாட்கள் மட்டும் இந்த 90-ல் சேராது.

ஜெர்மனி பற்றி ஒரு சொல். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தென் கொரியா, இஸ்ரேல், பிரிட்டன் பாஸ்போர்ட் உள்ளவர் விசா இல்லாமல் உள்ளே வந்து, 90 நாளுக்குள் அங்கேயே வதிவிட அனுமதிக்குப் போடலாம். மற்றவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து தேசிய விசா வாங்கி வர வேண்டும், பொதுவாக ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மன் மொழிச் சான்றோடு. குறுகியகால விசாவில் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எந்தச் சட்டப் பிரிவு என்று கேளுங்கள்.

ஐரோப்பியக் குடிமகனை மணந்தவருக்கு ஒரு குறுக்கு வழி

ஸ்பான்சர் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் என்றால், தன் சொந்த நாட்டைத் தவிர்த்து வேறொரு உறுப்பு நாட்டில் வேலை, தொழில், படிப்பு அல்லது போதிய சொந்தப் பணம் என்ற அடிப்படையில் குடியேறினால் ஒன்றியத்தின் 2004/38 உத்தரவு (குடிமக்கள் குடும்பத்தோடு இடம்பெயரும் உரிமை) துணைவருக்கும் பொருந்தும். நுழைவு விசா இலவசம், விரைந்து தர வேண்டும். உள்ளே வந்து வதிவிட அட்டைக்குப் போட்டால் ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வேலை செய்யும் உரிமை உண்டு. சொந்த நாட்டில் வருமான வரம்பு, மொழித் தேர்வு என்று இழுக்கும் பல ஜோடிகளுக்குப் பக்கத்து நாட்டில் வேலை தேடுவதே சேர்ந்து வாழச் சீக்கிர வழி.

பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்பும்போது 1992-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வந்த சுரிந்தர் சிங் தீர்ப்பு கைகொடுக்கும். வேற்று உறுப்பு நாட்டில் இருவரும் மூன்று மாதத்துக்கு மேல் உண்மையாகக் குடியிருந்தால், துணைவர் அதே உரிமையோடு திரும்பி வரலாம். 'உண்மையாக' என்பதுதான் சோதிக்கப்படும்: வாடகை, சம்பளம், நகராட்சிப் பதிவு, மின்கட்டணம். வார இறுதிக்கு மட்டும் போய் வந்த வீடு தேறாது. பிரெக்சிட்டுக்குப் பின் பிரிட்டன் குடிமக்களுக்கு இந்த வழி இல்லை. அயர்லாந்துக் குடிமக்களுக்கு உண்டு.

ஸ்பான்சர் இடம்பெயர்ந்து துணைவரின் நாட்டில் இருப்பது

சேர்ந்திருக்க இதுவே எளிது, செலவும் குறைவு. ஆனால் வருமானச் சான்று இங்கேதான் உடையும்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாகப் போடுபவர்களுக்கு ஸ்பான்சரின் ஆண்டு வருமானம் 29,000 பவுண்ட் இருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டுத் துணைவரின் நாட்டுக்குப் போனவர் திரும்பும்போது, வெளிநாட்டில் அந்த அளவு சம்பாதித்திருக்கவும் வேண்டும், திரும்பிய மூன்று மாதத்துக்குள் தொடங்கும் பிரிட்டன் வேலை உறுதிக் கடிதமும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து போடும்போது துணைவரின் வெளிநாட்டுச் சம்பளம் இதில் சேராது. சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்ட், ஆறு மாதம் கணக்கில் கிடந்திருக்க வேண்டும். மாமனார் கொடுத்த பணத்தைப் போன மாதம் போட்டு வைத்தால் ஆகாது. சம்பளச் சீட்டில் உள்ள தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் மாதாமாதம் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் கம்பெனியிடம் விளக்கக் கடிதம் வாங்கி அந்தப் பக்கத்தோடேயே வையுங்கள்.

அமெரிக்காவில் ஐ-864 உறுதிமொழிக்கு (துணைவரைப் பணத்தால் தாங்குவேன் என்று ஸ்பான்சர் தருவது) வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் வருமானம், அதோடு அமெரிக்காவே தன் இருப்பிடம் என்ற நிரூபணம். வெளிநாட்டில் சம்பாதிப்பது குடியேறிய பிறகும் அதே இடத்திலிருந்து தொடர்ந்தால்தான் கணக்கில் வரும். இல்லையென்றால் கூட்டு ஸ்பான்சர் ஒருவர் வேண்டும். இருப்பிடத்துக்கு வாக்காளர் பதிவு, வங்கிக் கணக்கு, வேலை விண்ணப்பங்கள், குழந்தையின் பள்ளிச் சேர்க்கை, வாடகை ஒப்பந்தம் போன்றவை. இன்டர்வியூவுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னதாகவே இவற்றைத் திரட்டத் தொடங்குங்கள்.

கனடாவில் துணைவருக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான விதி இல்லை. ஆனால் குடிமகன் மட்டுமே வெளிநாட்டில் இருந்துகொண்டு ஸ்பான்சர் செய்யலாம், அதுவும் திரும்பிவந்து குடியிருக்கும் திட்டத்தைக் காட்டி. நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர் கனடாவில் இருந்தாக வேண்டும். இதை அறியாமல் வேலையை விட்டுத் துணைவரோடு போய் இருந்தவர்களின் மனு தகுதியின்மையால் விழும்.

மூன்றாம் நாட்டில் காத்திருப்பது

இருவருக்கும் நீண்ட நாள் தங்க அனுமதி தரும் நாட்டைத் தேடுவது பிரபலமாகி வருகிறது. ஜார்ஜியா பல நாட்டுப் பாஸ்போர்ட்டுகளுக்கு விசா இல்லாமல் ஓராண்டு தருகிறது, எல்லா நாட்டுக்கும் அல்ல. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் வசிக்க யாருக்குமே விசா தேவையில்லை. போகும் வழி நார்வே என்பதால் ஷெங்கன் விசா வேண்டியிருக்கும், துருவக் குளிரையும் தாங்க வேண்டும். அதை நிஜமாகவே தேர்ந்தெடுப்பவர்கள் சிலரே. கணினி வேலைக்காரர்களுக்கு டிஜிட்டல் நோமாட் விசா பல நாடுகளில் உண்டு. துணைவரைச் சேர்க்க இடம் இருக்கிறதா, திருமணச் சான்றுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு இடும் சான்று முத்திரை) கேட்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

இடம் பிடித்தபின் மூன்று விஷயம் உறுத்தும்.

முதலாவது போலீஸ் சான்று. ஒரு நாட்டில் எவ்வளவு நாள் இருந்தால் அங்கிருந்து சான்று கேட்பார்கள் என்பது மாறும்: கனடா தொடர்ந்து 6 மாதம், ஆஸ்திரேலியா கடந்த 10 ஆண்டில் மொத்தம் 12 மாதம், அமெரிக்கா முன்பு வசித்த நாட்டுக்கு 12 மாதம், இப்போது வசிக்கும் நாட்டுக்கு 6 மாதத்துக்கு மேல். கனடா மனு போட்டவர் ஓரிடத்தில் ஐந்தரை மாதத்தோடு கிளம்பினால் ஒரு சான்று மிச்சம். தாண்டிவிட்டால், அந்த நாட்டை விட்டுப் போகுமுன் கைரேகை கொடுத்து வாங்கி வைத்துவிடுங்கள். வெளியிலிருந்து வாங்குவது தூதரகம், கூரியர், மொழிபெயர்ப்பு என்று மாதக்கணக்கில் இழுக்கும். பிரிட்டனுக்கு, பட்டியலில் உள்ள நாட்டில் 6 மாதமோ அதற்கு மேலோ வசித்தவர் காசநோய்ப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

இரண்டாவது, மனுவும் இன்டர்வியூவும் எங்கே. பிரிட்டன் ஸ்பவுஸ் விசாவுக்கு வாழும் நாட்டிலிருந்தே போட வேண்டும், டூரிஸ்டாக இருக்கும் நாடு 'வாழும் நாடு' ஆகாது. அமெரிக்கக் குடியேற்ற விசா இன்டர்வியூவும் 2025 நவம்பர் முதல் வசிக்கும் நாட்டிலோ குடியுரிமை நாட்டிலோதான் பொதுவாக நடக்கும். ஆகவே மூன்றாம் நாட்டில் விசிட்டராக இருப்பவர்கள் கடைசியில் துணைவரின் நாட்டுக்குப் போய் வர ஒரு மாத இடைவெளியைத் திட்டத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வேலையும் வரியும். விசிட்டராக உட்கார்ந்து லேப்டாப்பில் சொந்த நாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்ப்பதைக் கனடா அனுமதிக்கிறது. பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல், வந்த நோக்கம் அதுவாக இல்லாத வரையில் ஏற்கிறது. எல்லா நாடும் அப்படி இல்லை. ஆண்டில் 183 நாள் தாண்டினால் பல நாடுகளில் வரி செலுத்த வேண்டியவர் ஆகிவிடுவீர்கள். கம்பெனியின் மனிதவளப் பிரிவிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

சேர்ந்திருக்கும் நாட்களையே சான்றாக்குவது

சேர்ந்து வாழ்வதன் பெரிய லாபம் இது. ஆனால் காகிதம் இல்லாமல் வாழ்ந்தால் அந்த மாதங்கள் அதிகாரியின் கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்குள் போகும் முதல் வாரத்திலேயே வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் ஏறட்டும். வீட்டுக்காரர் மறுத்தால் 'இவரும் இன்ன தேதி முதல் குடியிருக்கிறார்' என்று ஒரு கடிதமாவது வாங்குங்கள். மின்சாரம் ஒருவர் பெயரில், இணையம் மற்றவர் பெயரில், இரண்டிலும் ஒரே முகவரி. காப்பீட்டில் நாமினி. கூட்டுக் கணக்கு திறந்தால் அதிலிருந்து உண்மையிலேயே செலவு நடக்கட்டும். 1,000 போட்டு மூன்று மாதம் அசையாத கணக்கு சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

தானியங்கிக் கதவில் நுழைந்தால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. ஆகவே போர்டிங் பாஸைப் படமெடுத்து வையுங்கள், விமான நிறுவனச் செயலியில் அது மறைந்துவிடும். ஒரே விரிதாளில் ஆறு நெடுவரிசை: நுழைந்த தேதி, வெளியேறிய தேதி, நாடு, எந்த அனுமதியில், சேர்ந்தா தனியா, ஆதாரக் கோப்பின் பெயர். படிவங்கள் பத்தாண்டுப் பயணத்தைக் கேட்கும்போது இது ஒரு மாலை வேலையாக முடியும்.

வாட்ஸ்அப் உரையாடலை 2,000 பக்கம் அச்சடித்து அனுப்புபவர்கள் உண்டு. யாரும் படிக்கமாட்டார்கள், படித்தால் சண்டை போட்ட பக்கம்தான் கண்ணில் படும். மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கமும் அழைப்புப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டும் போதும். போட்டோ 15 முதல் 20, ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், உடனிருப்பவர் யார். இருவர் மட்டும் எடுத்த செல்பியை விட இரு வீட்டாரும் இருக்கும் படத்துக்கு எடை அதிகம்.

பிரிந்தே ஆக வேண்டிய வாரங்கள்

எவ்வளவு திட்டமிட்டாலும் கடைசிக் கட்டத்தில் பாஸ்போர்ட் தூதரகத்தில் இருக்கும். பிரிட்டனுக்குப் போடும்போது பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளும் கட்டணச் சேவை பல மையங்களில் உண்டு. அமெரிக்க இன்டர்வியூவில் 221(ஜி) தாள் கொடுத்தால் கூடுதல் ஆவணத்துக்கோ சரிபார்ப்புக்கோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பொருள், முழு மறுப்பு இல்லை. அது சில நாளும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். ஆகவே இன்டர்வியூ முடிந்த வாரத்தில் ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் எதுவும் வேண்டாம். முடிந்தால் அந்த நேரத்தில் ஸ்பான்சர் துணைவரின் ஊருக்கு வந்திருக்குமாறு விடுப்பைச் சேர்த்து வையுங்கள்.

மருத்துவப் பரிசோதனையை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். அமெரிக்க விசாவுக்குப் பெரும்பாலும் 6 மாதம்தான் செல்லும், விசாவின் காலமும் அதையொட்டியே சுருங்கும். பிரிட்டனின் காசநோய்ச் சான்றும் 6 மாதம்தான். கர்ப்பமாக இருப்பவர் மார்பு எக்ஸ்ரேயைத் தள்ளிப்போட்டால் விசாவும் அதோடு தள்ளும். பாதுகாப்புக் கவசத்தோடு எடுப்பதா, பிரசவம்வரை காத்திருப்பதா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். குழந்தை பிறந்துவிட்டால் அதன் குடியுரிமைப் பதிவையும் பாஸ்போர்ட்டையும் முதலில் முடியுங்கள், விசா கோப்பில் அதையும் தெரிவியுங்கள்.

பிரிந்திருக்கும் மாதங்களில் ஜோடிகளை அரிப்பது தூரத்தை விட விசாப் பேச்சுதான். ஒவ்வொரு அழைப்பும் 'ஸ்டேட்டஸ் மாறிச்சா?' என்று தொடங்கினால் வேறு பேச்சுக்கு இடமே இருக்காது. வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், விரிதாளைத் திறந்து வைத்துக்கொண்டு அதை மட்டும் பேசுங்கள். இணையத்தில் நிலையைப் பார்ப்பது ஒருவர் வேலை, பணக் கணக்கு மற்றவர் வேலை. விமான நிலையத்தில் விடைபெறும்போது அடுத்த சந்திப்பின் தேதி முடிவாகியிருக்கட்டும். நீட்டிப்புச் செலவுக்கும் அவசர டிக்கெட்டுக்கும் இருவரும் மாதாமாதம் போடும் தனிப் பணம் இருக்கட்டும். ஒரே ஒருவரின் சேமிப்பில் மொத்தப் படலமும் ஓடினால் ஆறாவது மாதத்தில் அது மனத்தாங்கலாகும்.

விசா கைக்கு வந்ததும்

உடனே ஏறிப் பறக்குமுன் ஒரு தேதியைப் பாருங்கள். அமெரிக்காவில் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையவில்லை என்றால் கிடைப்பது சிஆர்-1, இரண்டு ஆண்டு நிபந்தனை அட்டை. அது முடியுமுன் 90 நாளுக்குள் ஐ-751 போட்டு உறவை மறுபடி நிரூபிக்க வேண்டும். இரண்டு ஆண்டு நிறைந்தபின் நுழைந்தால் ஐஆர்-1, பத்தாண்டு அட்டை, ஐ-751 வேலையே இல்லை. திருமண நாள் மூன்று வாரத்தில் வருகிறது, விசாவும் அதைத் தாண்டிச் செல்லும் என்றால், ஸ்பான்சரைத் துணைவரின் ஊருக்கு வரவழைத்து மூன்று வாரம் சேர்ந்தே இருந்துவிட்டு, நாள் கழிந்தபின் இருவரும் ஒரே விமானத்தில் போவது மேல். நுழையும் மேசையில் அதிகாரியிடம் திருமணச் சான்றைக் காட்டி, சிஆர் என்று அச்சிட்ட விசாவை ஐஆர் என்று பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். மேசையை விட்டு நகருமுன் முத்திரையில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.